ஆலை வாசலில் பாடு முறை

காலை ஏழு மணிக்கு ஆலை வாசலில் நூற்றைம்பது பேர் நிற்பார்கள். உள்ளே தேவைப்படுவது நாற்பது பேர். கும்மிடிப்பூண்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்தும் விடியுமுன் எழுந்து, பழைய சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு, சைக்கிளிலும் நடையிலுமாக வந்து நிற்பார்கள். அது எழுபத்தெட்டாம் வருடம். ஆலை இன்னும் கட்டி முடியவில்லை. கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு மணவாளன் மேஸ்திரியிடம் இருந்தது. அவர் ஒரு தார் டிரம்மின்மேல் ஏறி நின்று விரலை நீட்டுவார். அவர் காட்டியவன் உள்ளே போவான், மற்றவர்கள் வந்த வழியே திரும்புவார்கள்.

விரல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் அத்தனை பேரும் முண்டியடிப்பார்கள். சட்டை கிழிவது தினப்படி. ஆடி மாதத்தில் ஒருவனுக்கு முன்பல் போனது, இன்னொருவனுக்கு மண்டை உடைந்தது. "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ரத்தம் ரொம்பச் சூடு" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். உள்ளே வேலை கிடைத்தவன் ஒருவன்கூட யார் பல்லையும் உடைக்கவில்லை. அதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

தேசப்பனும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். வயது இருபத்துமூன்று. பழவேற்காடு ஏரியின் வடகரையில் ஒரு குப்பத்துப் பிள்ளை. குடும்பத்துப் படகை அண்ணன் பார்த்துக்கொண்டதால் ஏரியில் அவனுக்கு இடமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து மூன்று வருடமாகியும் ஒரு கடிதம் வரவில்லை. அம்மா கங்கம்மாள் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் இறால் விற்பவள். "எம் புள்ள படிச்சவன்" என்று வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பெருமையே அவனைத் தின்றுகொண்டிருந்தது.

பதினெட்டாம் நாளும் விரல் அவன் பக்கம் நீளவில்லை. கூட்டம் கலைந்தபின் மணவாளன் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னாடா, தினமும் வந்துகினு போய்க்கினு இருக்கே. நாளையிலேர்ந்து உனக்கு உள்ள நிரந்தரமா வேலை. வோணுமா?"

"வோணும் மேஸ்திரி."

"வாசல்ல உங்கூட நிக்கிறானே அந்த ஆசீர்வாதம், காலனிக்காரன். எம்மேல மனு எழுதிக்கினு பத்து மணி வண்டிக்கு மெட்ராசு லேபர் ஆபீசுக்குப் போறான். பனங்காட்டு வழியாத்தான் ஸ்டேஷனுக்குப் போவான். பேப்பரப் புடுங்கிக் கிழி. கையில ஒண்ணு போடு. எழுதுற கையாப் பாத்துப் போடு."

தேசப்பன் அதுவரை யாரையும் அடித்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். மாலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, 'இன்னிக்காவது கெடைச்சுதா?' என்று கேட்கப்போகும் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, கட்டட மூலையில் கிடந்த ஒரு கம்பியை எடுத்தான்.

பனங்காட்டில் ஆசீர்வாதம் தனியாக வந்தான். வெளுத்த சட்டை, கையில் மடித்த காகிதம். தேசப்பன் குறுக்கே பாய்ந்து ஒரே அடி போட்டான். மணிக்கட்டில் விழுந்தது. ஆசீர்வாதம் கத்தக்கூட இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கிழிப்பதற்காகக் காகிதத்தை எடுத்த தேசப்பன், படித்தவன் அல்லவா, பழக்கத்தில் படித்துவிட்டான்.

வாசலில் தினமும் காத்து நிற்பவர்களின் பெயர்ப் பட்டியல் அது. மேஸ்திரி தனக்கு வேண்டியவர்களை மட்டுமே எடுக்கிறார், எல்லோருக்கும் வேலை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. நாற்பத்துமூன்றாவது பெயர் தேசப்பன். குப்பத்தின் பெயரும், எஸ்.எஸ்.எல்.சி. என்ற படிப்பும் பிழையில்லாமல் இருந்தன.

"என் பேரு எப்படி இதுல?" என்று கேட்டான் தேசப்பன்.

"தினமும் நிக்கிறியே, உன் கூட்டாளியக் கேட்டு எழுதிக்கினேன். மேஸ்திரி கிழிக்கச் சொன்னாரா? கிழி. இன்னொண்ணு எழுத எனக்கு இப்பக் கையில்ல."

தேசப்பன் கம்பியை எறிந்துவிட்டு அழுதான். பிறகு ஆசீர்வாதத்தைத் தன் சைக்கிளில் உட்காரவைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். கையில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கம்பவுண்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்றான் ஆசீர்வாதம்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் தேசப்பன் கேட்டான். "ஏன் பொய் சொன்னே?"

"போலீசுல உன் பேரு ஏறிட்டா எந்தக் கம்பெனிக்காரன் உன்ன உள்ள வுடுவான்? அப்புறம் ஆயுசுக்கும் நீ மணவாளனுக்கு அடியாளு. அவருக்கு அதுதான வோணும்?"

ஆசீர்வாதம் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மேலே சொன்னான்.

"ஆலை கட்டுறாங்களே, அந்த நெலத்துலதான் எங்கம்மா நாத்து நட்டுது. நெலம் வெச்சிருந்தவனுக்குப் பணம் வந்துது. நட்டவங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் கோவம் வருது. யாரை அடிக்கிறது, சொல்லு? ஆமா, உங்க ஏரியில எறா ஒரு பக்கம் நெறைய மேயும், ஒரு பக்கம் மேயாது. அங்க மட்டும் எப்படி வெட்டுக்குத்து இல்லாம இருக்கீங்க?"

"எங்களுக்குப் பாடு இருக்குது" என்றான் தேசப்பன். சொன்னவனுக்கு ஏதோ பொறி தட்டியது. பிறகு மடமடவென்று சொல்லத் தொடங்கினான்.

ஏரியில் நல்ல இடத்தில் வலை போட எல்லோருக்கும் ஆசைதான். அதனால் குப்பத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுச் சொல்லும். அதுதான் அவர்களுடைய பாடு. இன்று இவன், நாளை அவன் என்று முறை சுற்றிக்கொண்டே வரும். பணக்காரன், ஏழை, முரடன், சாது, எல்லோருக்கும் ஒரே சீட்டு. அடுத்தவன் முறையில் வலை போட்டவனோடு குப்பத்தில் யாரும் பேச மாட்டார்கள். மீன் குறைந்த வருடத்திலும் கத்தி எடுக்காமல் அவர்களைக் காத்த ஏற்பாடு அது.

"இத வாசல்ல வெச்சா இன்னா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

அன்று மாலைக்குள் இருவரும் ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றினார்கள். குப்பத்துப் பையன்களிடம் தேசப்பன் பேசினான், காலனிப் பையன்களிடம் ஆசீர்வாதம் பேசினான். அதுவரை ஒரு டீக்கடை பெஞ்சில் சேர்ந்து உட்காராதவர்கள் அவர்கள். சீட்டுகளைத் தேசப்பன்தான் எழுதினான். ஆசீர்வாதத்தின் எழுதுகிற கைக்குத்தான் கட்டுப் போட்டிருந்ததே.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் கங்கம்மாளின் இறால் கூடையில் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் நாற்பது பேருக்கு அன்று வேலை, அடுத்த நாற்பது பேருக்கு மறுநாள். ஏழு மணிக்கு மணவாளன் டிரம்மில் ஏறி விரலை நீட்டினார். ஒருவரும் அசையவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

"இன்னாடா இது, எவன்டா தூண்டிவுட்டது?"

தேசப்பன் முன்னால் வந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நேத்து ஆசீர்வாதம் கைய ஒடைச்சது நான்தான். இவரு வேலை தரேன்னாரு, அடிச்சேன். இன்னிக்கு நான், நாளைக்கு உங்கள்ல ஒருத்தன். இனிமே இவரு காட்டுற ஆளு உள்ள போவக் கூடாது. சீட்டு வந்த ஆளுதான் போவணும்."

தன் குற்றத்தை நூற்றைம்பது பேர் நடுவில் தானே சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது, கட்டுப்போட்ட கையை உயர்த்தி ஆசீர்வாதம் அதை அடக்கினான். உள்ளே கான்கிரீட் கலவை தயாராகிக்கொண்டிருந்தது. கலந்தபின் அது யாருக்காகவும் காத்திராது. என்ஜினீயர் துளசிராமன் வேர்க்க விறுவிறுக்க வாசலுக்கு ஓடிவந்து விஷயத்தைக் கேட்டார்.

"எனக்கு நாற்பது பேர் வேணும், மேஸ்திரி. சண்டை போடாம வரிசையா வர்றாங்கன்னா உங்களுக்கு என்ன கஷ்டம்? சீட்டுப்படியே அனுப்புங்க" என்றார்.

மணவாளன் டிரம்மிலிருந்து இறங்கினார். இரண்டு வாரத்தில் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்.

முதல் நாள் பட்டியலில் ஆசீர்வாதத்துக்குப் பதினேழாம் சீட்டு. கட்டுப்போட்ட கையோடு ஜல்லி சுமக்க முடியுமா? அந்தச் சீட்டைத் தள்ளிவிடலாம் என்றான் ஒருவன்.

"தள்ளக் கூடாது" என்றான் தேசப்பன். "எங்க ஏரியில ஒடம்பு முடியாதவன் பாடு போவாது. அவனுக்காக வேற ஒருத்தன் போவான், பங்கு அவன் ஊட்டுக்குப் போவும். நான் போறேன்."

அவனுடைய சொந்தச் சீட்டோ நான்காம் நாளைக்குத்தான். கட்டுப் பிரிக்கும்வரை ஆசீர்வாதத்தின் முறை வந்தபோதெல்லாம் அவன் போனான். கூலியை ஆசீர்வாதத்தின் அம்மா விக்டோரியாவிடம் கொடுத்தான். முதல் இரண்டு தடவை அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் தடவை உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள்.

நாலு நாளைக்கு ஒரு நாள் வேலை என்பது வயிற்றுக்குப் போதாதுதான். ஆனால் எந்த நாள் என்று தெரிந்துவிட்டதால் மற்ற நாட்களில் செங்கல் சூளைக்கும் சவுக்குத் தோப்புக்கும் போக முடிந்தது. மனுவை மறுபடி எழுதி, நூற்றைம்பது பேரும் கையெழுத்துப் போட்டு, ஆலை திறக்கும்போது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று அனுப்பினார்கள். சண்டை போட்ட கைகள் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

இரண்டு மாதம் கழித்து, போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் மார்க்கெட்டில் இறால் வாங்க வந்தார்.

"இன்னா கங்கம்மா, உன் புள்ளையும் கூட்டாளிங்களும் திருந்திட்டானுங்க போலருக்கே? ரெண்டு மாசமா ஆலை வாசல்ல ஒரு அடிதடி கேசு இல்ல."

கங்கம்மாள் இறாலைக் கூறு கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகன் செய்த தப்பும் அவளுக்குத் தெரியும், அதை அவன் ஊரறியச் சொன்னதும் தெரியும். இப்போது அவள் முகத்தில் இருந்த பெருமைக்கும் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் சம்பந்தமில்லை.

"திருந்துறதுக்கு அவுங்க கெட்டவங்க இல்லீங்க ஏட்டய்யா. வேலை இல்லாம நின்ன புள்ளைங்க. அப்படி நிக்கிற புள்ளையக் கூப்பிட்டு, அவன அடி, இவன வெட்டுன்னு சொல்ல ஊருக்கு நாலு பேரு காத்துக்கினு இருக்கானுங்க. அந்த நாலு பேரு கூப்பிடறதுக்கு முன்னாடி நாம கூப்பிட்டு ஒரு வேலையக் குடுக்கணும். குடுக்காம வுட்டுட்டு, அப்புறம் அவனப் புடிச்சு உள்ள வெச்சு இன்னா பிரயோசனம்?"