அண்ணி கடைக்குப் போன நேரம்

அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வேன் மட்டும் பொது. காலையில் ரொட்டிக் கம்பெனிக்கு அண்ணன் ஓட்டுவான், மதியத்துக்கு மேல் தம்பி. சாவி கதவோர ஆணியில் தொங்கும்.

எல்லாம் ஒரு பேச்சால் வந்த வினை. தம்பியின் கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னால், "இவனுக்கு ஓட்டத்தான் வரும், ஸ்பேனர் பிடிக்க வராது" என்று அண்ணன் விளையாட்டாகச் சொல்லிவைத்தான். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. தான் சொன்னது தப்பு என்று அண்ணன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வேன் புகை கக்க ஆரம்பித்தது. பட்டறையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ரொட்டிக் கம்பெனியிலோ, திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி நிற்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இருவரும் வீட்டுக் கொட்டகையிலேயே இன்ஜினை இறக்கி, ரிங்கும் பேரிங்கும் புதிதாகப் போட்டார்கள். ஞாயிறன்று திரும்ப ஏற்றும் வேலை.

"அண்ணி, செயினை ரெண்டு விரக்கடை இறக்கச் சொல்லுங்க" என்பான் தம்பி, வண்டிக்கு அடியிலிருந்து. இன்ஜினைத் தூக்கிய செயினைப் பிடித்துக்கொண்டு அண்ணன் மூன்றடி தள்ளித்தான் நிற்பான். ஆனாலும் மனைவி திருப்பிச் சொன்னால்தான் அவன் காதில் விழும். அதுவரை இன்ஜின் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

கடைசி போல்ட் ஏறியதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும்டா சாமி! இனி நீங்களாச்சு, உங்க இன்ஜினாச்சு." பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

தம்பி அதற்குள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். ஆயில் டின் மூடி திறந்து கிடந்தது. தம்பி இன்ஜினில் ஊற்றிவிட்டானா, இல்லை பேரிங்குக்குத் தடவத்தான் திறந்தானா? கேட்டால் ஒரே வார்த்தை. கேட்டால் தான் இறங்கிப்போனதாக ஆகிவிடும். ஊற்றாமலா சீட்டில் போய் உட்கார்ந்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்திருக்கலாம். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகப்படுவதாக நினைப்பானே என்று அதையும் விட்டான்.

சாவி திரும்பியது. இரண்டாவது முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் மிதி என்று கையை ஆட்டினான். தம்பி தயங்கினான். அண்ணன் மறுபடி ஆட்டினான். தம்பி மிதித்தான்.

ஐந்து நிமிடம்கூட இல்லை. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், பிறகு ஒரு கிறீச்சல், அப்புறம் எல்லாம் நின்றுபோயிற்று. அண்ணன் அளவுக்கம்பியை உருவினான். நுனி காய்ந்து கிடந்தது.

"ஆயில் ஊத்தலையாடா?"

"நீங்க ஊத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன்." தம்பியின் முகம் வெளுத்திருந்தது. "ஸ்டார்ட் பண்ணதுல இருந்து ஆயிலுக்கான செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

"அடப்பாவி! சொல்றதுக்கென்ன?"

"யாருகிட்டச் சொல்ல? அண்ணிதான் கடைக்குப் போயிட்டாங்களே."