அழிந்த பிறகும் ஓடும் பெட்டி

1

இந்தக் கதை ஒரு ரவுட்டரிலிருந்து வந்தது. அலுவலகம் முழுவதற்கும் இணையத்தையும் தொலைபேசியையும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. நான் அங்கே கேபிள் இழுப்பவன். எழுத்து எனக்குப் பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி.

முதல் வரியாக ‘ஜன்னலுக்கு வெளியே மழை’ என்று தொடங்கி விட்டுவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

2

பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் என் தங்கையின் கணவர். தங்கை அங்கேயே வரவேற்பில் இருந்தவள். போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அவள் குரல்தான்: “வணக்கம், கொஞ்சம் இருங்க, இணைக்கிறேன்.” பெட்டிக்குள் அது ஒரு கோப்பு.

மாப்பிள்ளை தினமும் வாசலில் நின்று போனில் அலுவலக எண்ணைக் கூப்பிடுவார். இணைப்பதற்குள் வைத்துவிடுவார்.

(போனில் பதிந்துகொள்ளலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். “பதிஞ்சா அது கேசட்டு மச்சான். இங்கதான் அவ எடுக்குறா.”)

3

புதிய ஃபர்ம்வேர் ஏற்றச் சொல்லி உத்தரவு. (ஃபர்ம்வேர் என்பது, பெட்டிக்குத் தான் பெட்டி என்று தெரியவைக்கும் அறிவு. அவர் சொன்னது.) உள்ளே இடமில்லை. குரலை அழித்து இடம் பண்ணுவதுதான் முறை. புதியது சரியாக ஏறியதா என்று பார்க்கும்வரை பழையதைத் தொடக்கூடாது. அவருக்குத் தெரியாததா? குரலை விட்டுவிட்டுப் பழைய ஃபர்ம்வேரை அழித்தார்.

புதியது பழுதாக ஏறியது. மறுபடி ஏற்றினார். அப்படியே. சேமிப்புச் சில்லே (சிப்) கெட்டிருந்தது. குரல் கோப்பும் திறக்கவில்லை.

“அப்புறம் எப்படி மாப்ள இன்னும் ஓடுது?”

“நினைப்புல ஓடுது. முன்னாடியே மெமரிக்கு எடுத்தது. அவளும் அதுலதான். அணைச்சா எல்லாம் போச்சு.”

“அணைக்காம விட்டா?”

“கரண்டு என்ன உங்கப்பாவா, நான் சொன்னா கேக்க?”

சிரிக்கப் பார்த்தார்.

4

முடிவு ஒன்று: சில்லை மாற்ற அவரே அணைக்கிறார், தங்கை மறுபடியும்—

(எழுத மாட்டேன். அவளுக்கு ஒரு தடவை தோள் கொடுத்தாயிற்று.)

முடிவு இரண்டு: அணைக்க மறுக்கிறார். வேலை போகிறது. பிறகொரு நாள் மின்சாரமும் போகிறது. இது நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.

5

மாப்பிள்ளை என்னைப் பெட்டியின் சுவிட்ச் பக்கம் நிறுத்திவிட்டு வாசலுக்குப் போயிருக்கிறார்.

“கூப்பிடுறேன். அவ பேசி முடிச்சதும் வச்சுடுவேன். பெட்டியில அழைப்பு விளக்கு அணைஞ்சா நீங்க சுவிட்ச அணைச்சுடுங்க மச்சான்.”

அழைப்பு விளக்கு எரிகிறது. அவள் பேசி முடித்திருப்பாள். இன்று அவர் வைக்கவில்லை. வரவேற்பு மேசையில் மணி அடிக்கிறது. அந்த நாற்காலியில் யாருமில்லை.

நான் சுவிட்சை விட்டு நகர முடியாது. மேசைக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.