நாற்பத்தோராம் பக்கம்

1

முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். எனக்குக் கொரிய மொழி தெரியாது. கானா நாட்டில் பேசுகிற அக்கான் மொழியும் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியவன் நான்தான். இந்தக் கதை அந்தக் கட்டுரையால் வந்த வினை.

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் இலக்கிய வட்டத்தின் ஆண்டு மலருக்கு நெல்லையப்பன் கட்டுரை கேட்டார். மலரின் ஆசிரியர் அவர். கேட்டால் மனுஷன் விடமாட்டார். "தமிழும் கொரியமும்னு எழுதுமேய்யா, இப்ப அதான் ஓடுது" என்றார். ஊரே அதைத்தானே எழுதுகிறது என்ற கடுப்பில், தமிழை விட்டுவிட்டுக் கொரியத்தையும் அக்கானையும் ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாள் இணையத்தில் மேய்ந்தேன். தெரிந்ததை எழுதினேன், தெரியாத இடங்களில் 'அறிஞர்கள் கருதுகின்றனர்' என்று போட்டேன்.

மலர் வந்தது. ஒருத்தன் படிக்கவில்லை. படித்தேன் என்று சொன்ன அத்தனை பேரும், "அங்கனயும் அப்பாவ அப்பான்னுதான் சொல்லுதானாமே!" என்றார்கள். அது என் கட்டுரையிலேயே இல்லை!

2

(முதல் வரைவு) குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்...

வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் எவன் கதை எழுதினாலும் சாரலில்தான் ஆரம்பிக்கிறான்.

(இரண்டாம் வரைவு) அவள் கண்களில் ஒரு கடல்...

சீ. கடலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தூங்காத கண், அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போன மாதம் ஒரு மதியம் சங்கரேஸ்வரி கடைக்கு வந்தாள். ஆய்க்குடிக்காரி, ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கிறாள். புருஷன் வீரபாகு மீன்பிடிக் கப்பலில் தலைமைச் சமையல்காரன். ஆப்பிரிக்கக் கரையோரம் ஓடுகிற கப்பல்; அதிகாரிகள் கொரியர்கள், வலை இழுப்பவர்கள் கானாக்காரர்கள். வீரபாகுவின் போனிலிருந்து அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்திருக்கிறது. முப்பத்தெட்டு நொடி. அதற்குப் பிறகு பதினோரு நாளாகப் போன் அணைந்து கிடக்கிறது. ஏஜெண்டைக் கேட்டால், "சிக்னல் இல்லம்மா" என்கிறானாம்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியுமாம்லா. இதுல என்ன பேசுதாங்கன்னு சொல்லுங்க."

3

தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை வேறு ஆட்டினேன். (இப்படி ஒரு ஆளைக் கதைசொல்லியாக வைக்கலாமா என்று எனக்கே சந்தேகம். வேறு ஆள் கிடைக்கவில்லை.)

ஒருவன் கத்துகிறான், அவன் கொரியன். இன்னொருவன் இழுத்து இழுத்துப் பதில் சொல்கிறான், அவன் அக்கான். பின்னால் இன்ஜின் சத்தம். வீரபாகுவின் குரல் இல்லை. அக்கான்காரன் அழுகிறானா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அக்கானில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறும், கொரியத்தில் அப்படி இல்லை என்று மூன்று பத்தி வாய்கிழிய எழுதியிருக்கிறேன். எழுதி என்ன பிரயோசனம்?

"ஒண்ணும் தெளிவா இல்லம்மா" என்றேன்.

"அவுக பேரு அதுல வரலைலா அண்ணாச்சி? நூறு தரம் கேட்டுட்டேன். ஒருத்தனும் அவுக பேரச் சொல்லலை. அப்போ வேற யாரையோ பத்தித்தானே பேசுதாங்க?"

அப்பாடா என்றிருந்தது. "ஆமாம்மா, வேற யாரையோதான்" என்றேன்.

அவள் பைக்குள் கையை விட்டு மலரை எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கம் மடித்து வைத்திருந்தது.

4

அந்தப் பக்கத்தில் இருப்பது இது:

'கொரியர் பணியிடத்தில் ஒருவரைப் பதவியால் அழைப்பர். கப்பல் தலைவர் என்றால் சொன்ஜாங். தலைமைச் சமையல்காரர் என்றால் ஜொரிஜாங். அக்கான் மக்களோ பிறந்த கிழமையால் அழைப்பர். புதன்கிழமை பிறந்த ஆண் குவாக்கு. வெளிநாட்டான் பழகிவிட்டால் அவனிடமும் கிழமையைக் கேட்டுப் பெயர் வைத்துவிடுவர்.'*

(* பதினான்கு பக்கத்தில் நான் மூன்று இடத்தில் சரிபார்த்து எழுதியது இது ஒன்றுதான்.)

"அவுக பொறந்தது புதன்கிழமை" என்றாள் சங்கரேஸ்வரி. "ஜொரிஜாங் ரெண்டு தரம் வருது. குவாக்கு மூணு தரம். எண்ணிட்டேன்."

நான் சட்டென்று, "சென்னையில கொரிய பாஷை தெரிஞ்சவங்க இருக்காங்கம்மா. இப்பவே அனுப்பிக் கேட்டுருவோமா?" என்றேன்.

"வேண்டாம்." போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க கதை எழுதுத ஆளுதானே அண்ணாச்சி? இந்தப் பக்கமும் சும்மா நீங்களா அடிச்சு விட்டதுதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் பாட்டுக்குப் போயி கடையத் தொறந்துருவேன்."

5

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தில் ஒரு வரியையாவது நம்பிப் படிக்கிற ஆள் ஒருநாள் வரமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். வந்தாள். அது பொய் என்று சொல்லச் சொல்கிறாள். என் தலையெழுத்தைப் பாருங்கள்! பதின்மூன்று பக்கம் புளுகியிருக்கிறேன், அதை ஒருத்தர் கேட்கவில்லை. உண்மையாக எழுதிய ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. எப்படி முடிக்கலாம் என்று நெல்லையப்பனுக்குப் போன் போட்டேன். "அவன் ஊருக்கு வந்து எறங்கிட்டான்னு முடிச்சிரும்யா. அடுத்த மலர்ல அரைப் பக்கந்தான் இருக்கு" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஒரு முடிவு: கற்பனைதான் என்று சொல்லிவிடுகிறேன். அவள் கடைக்குப் போய்ப் பழம் விற்கிறாள். பதிவை யாருக்கும் அனுப்பமாட்டாள்.

இன்னொன்று: உண்மை என்கிறேன். அப்படியானால் பேச்சு வீரபாகுவைப் பற்றித்தான். என்ன பேச்சு? 'குவாக்கு, சோறு ஆச்சா?' என்பதாகவும் இருக்கலாம். அல்லது...

எழுத வரவில்லை. விடுங்கள்.

ஒன்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எங்காவது கிடைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பதிவில் என்ன பேச்சு என்று என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் என்னிடம் வந்திருக்கிறாள்.

6

கடையில் இருக்கிற ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மடித்த பக்கத்தை விரலால் நீவி நீவி நேராக்குகிறாள்.

"ஏம்மா, அந்தப் பக்கத்துல நான் எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.