வெண்ணெய் ஆலை இருந்த இடத்தில் திரும்பவும்

1.

இந்தக் கதை ஒரு வினாடி வினாவில் பிறந்தது. நல்ல கதைகள் இதைவிட மரியாதையான இடங்களில் பிறக்கும் என்று தெரியும்.

'அயோவாவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் சோளக்காடுகள்' என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. சோளக்காட்டைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்குக் கோபம் தணியவில்லை.

இப்படித் தொடங்குகிறேன்: ஆஷ்பி க்ரோவ் தீயணைப்புக் கொட்டகையில் வருடா வருடம் பீன்ஸ் விருந்து நடக்கும். சாப்பிட்டு முடித்ததும் போட்டி. முதல் சுற்று அமெரிக்க நகரங்கள். இரண்டாவது சுற்று எங்கள் ஊர். கேள்வி கேட்பவர் ரஸ் ஹாலோவே, மாவட்டக் குழு உறுப்பினர். என் கணவர் ஆர்டன் இறந்த பிறகு நான் போன முதல் விருந்து அது. நாத்தனார் வெர்லீன் விடவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சுவர்தான் உன்னிடம் பேசும் என்று காரில் ஏற்றிவிட்டார்.

2.

லாஸ் ஏஞ்சலஸ், ரீனோ, இரண்டில் எது அதிக மேற்கே இருக்கிறது என்று ரஸ் கேட்டார். மேசைக்கு மேசை சண்டை. கடற்கரையில் இருப்பது எது, பாலைவனத்தில் இருப்பது எது, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று வெர்லீன் சிரித்தார். விடை ரீனோ. கொட்டகையே கூச்சல் போட்டது. இரண்டு ஊரையும் பார்த்தவர்கள் அங்கே அதிகம் பேர் இல்லை. இருந்தும் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது.

(ரஸ்ஸைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மெல்லிய மீசை வைத்தேன், குரலில் எண்ணெய் ஊற்றினேன். நிற்கவில்லை. ஆர்டன் அடக்கத்துக்கு மறுநாள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த ஒரு தட்டோடு வந்து நின்றவர் அவர். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன். அதுவும் எனக்குக் கோபம்.)

3.

ஆர்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசர எண்ணை அழைத்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் நூலகத்தில் வேலையில் இருந்தேன். கைபேசிக் கோபுரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அழைப்பை எடுத்தவரின் திரையில் விழுந்த வட்டத்துக்குள் மூன்று ஊர்கள் இருந்தன. முன்பெல்லாம் அழைப்பை எடுப்பவர் எங்கள் மாவட்டத்துக்காரர்; குரலை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவார். செலவு என்று அந்த உள்ளூர் அழைப்பு அறையை மூடி, வேலையை நகரத்துக்கு அனுப்ப ரஸ்ஸும் குழுவில் மற்றவர்களும் ஓட்டெடுப்பில் கையைத் தூக்கியிருந்தார்கள்.

ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினேன். இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை.

"சார், ரோட்டு நம்பர் சொல்லுங்க."

"நம்பர் எல்லாம் போர்டுலதான்மா இருக்கும். பள்ளிக்கூடம் இருந்த இடத்தைத்* தாண்டி வாங்க. வெண்ணெய் ஆலை இருந்த இடத்துல** இடது பக்கம் திரும்பினா நீல வீடு."

"நீல வீடு. சரி சார்."

"வெள்ளையா இருக்கும்."***

இந்த இடத்தில் ஆர்டன் சிரிக்கிறார். பிறகு நெடுநேரம் மூச்சு மட்டும்.

"ஏம்மா, நீ எந்த ஊரு?"

"நான் சிட்டியில இருக்கேன் சார். பக்கத்துல எந்தக் குறுக்கு ரோடு சார்?"

"அப்ப எங்க ஊர் ஆள் யாரையாவது கேளு. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

* எரிந்துபோனது. இப்போது மலிவு விலைக் கடையின் கார் நிறுத்துமிடம். கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது.

 ** இடித்துவிட்டார்கள். எங்கும் போய்ச் சேராத சிமென்ட் படிகள் மிச்சம்.

*** ஆர்டனின் அப்பா வெள்ளை அடித்துவிட்டார். ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தபாலுக்கெல்லாம் அஞ்சலகத்தில் பெட்டி. ரோட்டு நம்பர் எங்களுக்கு எதற்குப் பயன்பட்டது? ஆம்புலன்ஸ் ஆற்றின் இரண்டு கரையிலும் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தபோது அவர் சமையலறைத் தரையில் கிடந்தார், உயிர் இல்லாமல்.

(முதல் பிரதியில் அந்தப் பெண் சூயிங்கம் மென்றாள். ஒலிப்பதிவில் சூயிங்கம் இல்லை. பயந்துபோன சின்னக் குரல்தான் இருக்கிறது. எடுத்துவிட்டேன்.)

மாவட்டக் குழு விசாரித்தது. ரஸ் எழுந்து முடிவைப் படித்தார்: 'அழைத்தவர் தாம் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கவில்லை.' அந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லி மூன்று கூட்டங்களுக்குப் போனேன். பணம் கேட்கவில்லை. அந்த வரி போக வேண்டும், அவ்வளவுதான். நடைமுறை இல்லை என்றார்கள்.

4.

இரண்டாவது சுற்று. ரஸ் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "வெண்ணெய் ஆலை எங்கப்பா இருந்துச்சு? இது தெரியாதவன் நம்ம ஊர்க்காரனே இல்ல."

பென்சிலைக்கூட யாரும் தொடவில்லை. கொட்டகை முழுக்க ஒரே குரலாக விடையைச் சொன்னது. குழந்தைகள்கூட, ஆலை நின்றதைக் கண்ணால் பார்க்காத குழந்தைகள்கூட.

நான் எழுந்தேன். வெர்லீன் என் கையைப் பிடித்தார். நிறுத்தத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவரும் எழுந்துகொண்டார்.

"ரஸ், ஆர்டனும் அதைத்தான் சொன்னாரு. சாகும்போது சொன்னாரு. இவங்களுக்கு ஒரு மார்க் போடுறீங்க. அவர் சொல்லவே இல்லன்னு எழுதினீங்க," என்றேன்.

ரஸ் கையிலிருந்த அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நோரீன், இதைப் பேசற இடம் இது இல்ல."

"வேற எது? சொல்லுங்க, வரேன்."

அப்புறம் அவர்

5.

அந்த வாக்கியத்துக்கு நிறைய முடிவுகள் எழுதிவிட்டேன்.

ஒன்றில் ரஸ் கண் கலங்கி, வரியை அடித்துவிடுவதாக வாக்குக் கொடுக்கிறார். என் கையெழுத்தே அதை நம்பாமல் கோணிப்போயிருக்கிறது. இன்னொன்றில் பீன்ஸ் தட்டை அவர் சட்டையில் கவிழ்க்கிறேன். அதை மிகுந்த சந்தோஷத்தோடு ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். பிறகு கிழித்தேன், பீன்ஸ் வேகவைத்தது வெர்லீன். மூன்றாவதில் எல்லோரும் மௌனமாகக் கலைகிறார்கள். அழகான முடிவு. அழகாக இருப்பதாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் யாருடைய அழகான மௌனத்துக்காகவும் சாகவில்லை.

நடந்ததைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் ரஸ்ஸைப் பற்றி ஒரு கருத்து வைத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவீர்கள்.

அதற்குப் பதில் உங்களுக்கு ஒரு சோதனை. நீங்கள் ஆஷ்பி க்ரோவுக்கு வந்ததில்லை. வரைபடத்தில் தேடியும் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தச் சில பக்கங்களைப் படித்தீர்கள், அவ்வளவுதான்.

போன் அடிக்கிறது. எடுங்கள். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே வழி சொல்கிறார், நடுவில் சிரிக்கவும் செய்கிறார். கொடிக்கம்பத்தைத் தாண்டிவிட்டீர்கள். புல்லுக்கு நடுவே சிமென்ட் படிகள் தெரிகின்றன.

எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?