மூன்றாம் எண் குழாய்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. சைகோனில், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் சீதாலட்சுமி சொன்னது. “கம்பெனி பேர மட்டும் போட்றாதீங்க” என்றாள். போடவில்லை. இருந்தும் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன், யாருடைய வேலைக்காவது உலை வைத்துவிடுமோ என்று.

2

ஆகாயத்தாமரைகள் மிதக்கும் அந்த அழகிய கால்வாயோரம்—

(இல்லை. அவள் அழகைத் தேடிப் போகவில்லை.)

சீதாலட்சுமி மரப்பலகையில் செதுக்கி அச்சுப்படம் எடுப்பவள். கணவன் சதாசிவம், சைகோனை அடுத்த பின் யுவோங் பகுதியில் ஒரு சாய ஆலையின் மேலாளர். ஆலைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் பறித்த ஆகாயத்தாமரை இலைகளுக்குப் பச்சை மை தடவித் தாளில் அழுத்தினாள். அதன்மேல், பலகையில் செதுக்கிய ஆலையைக் கறுப்பில் அச்சிட்டாள்: கூரை, புகைபோக்கி, கால்வாயில் வாய் வைத்த கழிவுக் குழாய். குழாயின்மேல் 3 என்ற எண்.*

* அச்சில் நேராக விழ, எண்ணைத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஆகவே அது கைதவறி வந்ததல்ல.

3

கண்காட்சிக்குப் படத்தை எடுத்துப்போக ஆள் வரவிருந்த காலையில்தான் சதாசிவம் அதைப் பார்த்தான்.

“மூணாம் நம்பர் குழாய எதுக்குப் போட்ட?”

“அங்க இருக்குல்ல.”

“இருக்கு. அது வெளிய தெரிஞ்சு என் வேலை போனா விசாவும் போயிரும், சீதா. பிள்ளைக ஸ்கூலு?”

[இங்கே அவள் வீரமாகப் பேசுவதாக எழுதி அடித்துவிட்டேன்.] உளியை அவனிடம் நீட்டினாள்.

“நீங்களே எடுத்துருங்க.”

அவன் பலகையிலிருந்து குழாயைச் செதுக்கி எடுத்தான். அவள் இன்னொரு படம் அச்சிட்டாள். செதுக்கிய இடத்தில் மை ஏறவில்லை. கறுப்பு ஆலைக்கு நடுவே, குழாயின் அதே வடிவத்தில், அடியிலிருந்த பச்சை இலை தெரிந்தது.

“முன்னவிடப் பளிச்சுன்னு தெரியுதே” என்றான் மெதுவாக.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவனுக்கு வேலை போகிறது. இன்னொன்றில் எந்தப் படத்தையும் யாருமே கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. மூன்றாவதில் அவள்—

நடந்தது இவ்வளவுதான். சதாசிவம் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான்.

“எதக் குடுத்தேன்னு எங்கிட்டச் சொல்லாத. யாராச்சும் கேட்டா, தெரியாதுன்னு நான் நெசமாச் சொல்லணும். எனக்குப் பொய் வராது.”

அவள் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நான் அந்த ஊருக்குப் போவதற்குள் கண்காட்சி முடிந்திருந்தது.

மேசையில் இரண்டு படங்கள். வாசலில் ஆள் மணியடிக்கிறான். நீங்கள் ஒன்றை எடுங்கள். பார்த்து. ஒன்றில் மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டும்.