பகல் முழுக்க ஒரு படம்

அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சித்தப்பா எக்கியபோது, அம்மா கட்டிலருகில் உட்கார்ந்தபடியே தடுத்தாள்.

"அதத் தொடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

சித்தப்பா அவள் மகனைப் பார்த்தார். மகனுக்கும் இது புதிதாகத்தான் இருந்தது. அந்த டப்பாவை அம்மா ஒரு நாளும் மதித்தவளில்லை.

அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். வருஷா வருஷம் உலகப் புகைப்பட நாளன்று போட்டோகிராபர் சங்கத்தில் பழைய கேமரா ஒன்றை மேஜைமேல் வைத்து, இரண்டு பேர் பேசி, கேக் வெட்டிக் கலைவார்கள். அப்பா போகமாட்டார். முதன்முதலில் படம் பிடித்தவன் ஜன்னலோரம் பகல் முழுக்கக் காத்துக் கிடந்தானாம். அவனை நினைக்கக் கேக் தின்கிற நேரம் போதுமா என்பார். அன்று வீட்டிலேயே, ஊசித்துளை போட்ட அந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டோ பேப்பரை வைத்து, காலையில் துளையைத் திறந்து, பொழுது சாயும்போது மூடுவார். அசையாமல் இருப்பது படத்தில் விழும், அசைவது விழாது. எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் பிடித்து வைத்ததுபோல் இருப்பார். மற்றதில் அம்மா உட்காருவாள். பால் பொங்கும், போன் அடிக்கும், எழுந்துவிடுவாள். வருஷா வருஷம் அவர் பக்கத்தில் வெறும் நாற்காலிதான் விழுந்தது. வேலை வெட்டி இல்லாதவர்கள் உட்காரட்டும் என்பாள்.

இன்று காலையும் துளையைத் திறந்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். அம்மாவின் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

மகன் கால் தரிக்காமல் அலைந்தான். சான்றிதழுக்குப் போனான், வண்டிக்குச் சொன்னான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். அம்மா ஒரு கையால் அப்பாவின் முகத்தில் ஈ உட்காராமல் ஓட்டியபடி தன் நாற்காலியிலேயே இருந்தாள். அண்ணி இவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்ததைச் சொன்னால் அண்ணனே நம்பமாட்டார் என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

மத்தியானம் மகன் சாப்பிடக் கூப்பிட்டான்.

"நான் எந்திரிச்சா இந்த வருஷமும் வெறும் நாற்காலிதான்டா."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் வண்டி வந்தது. தூக்குவதற்கு முன் மகன் டப்பாவின் துளையை மூடினான். அதன் பிறகே அம்மா எழுந்தாள். கால் மரத்திருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் படத்தைக் கழுவிக் கொண்டுவந்தான். கூடம் நிறைய வந்து நின்றவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அவனும் இல்லை. கட்டிலில் அப்பா, பக்கத்து நாற்காலியில் அம்மா.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என் வலது கை எங்கடா?"

"ஈ ஓட்டிட்டே இருந்தியேம்மா."

வலது முழங்கை வரை அவள் தெளிவாக இருந்தாள். அதற்குக் கீழே கை விழவில்லை. அப்பாவின் முகத்தில் ஒரு ஈ இல்லை.