பெவ்வின் ஒன்பது டப்பாக்கள்

ஒரு பெண்ணின் கையெழுத்தில் நாலு வரிக்கு என்ன விலை போடலாம்? கிளைவ் ஹாட்லோ ஒருநாள் சமையலறையில் நின்றபடியே போட்டுப் பார்த்தார். நல்ல இளங்காளை ஒன்று, மேலே கொசுறாக இரண்டு செம்மறி. அதற்குக் கீழே இறங்க மனம் வரவில்லை. பரின் கிரீக் சந்தையில் ஆயுசு முழுக்க மாட்டு ஏலம் விட்டவர் அவர். பல்லைப் பார்த்து வயதும், நடையைப் பார்த்து விலையும் சொல்லிவிடுவார். அந்த வாயிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்துக்குக் காளை விலை வந்தது அதுதான் முதல் தடவை.

காகிதம் பக்கத்து வீட்டு பெவ் ஸ்டானர்டுடையது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்னால் சேட்டை நடந்தால் கண்ணாடியைப் பார்க்காமலே யாரென்று சொல்லக்கூடியவள். கிளைவின் மனைவி மார்லீன் இறந்துபோன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலிக் கம்பத்தின் மேல் ஒரு தகர டப்பா உட்கார்ந்திருக்கும். உள்ளே கேக்கோ பிஸ்கட்டோ. மூடியில் நூல் கட்டி ஒரு சீட்டு.

சீட்டுதான் சரக்கு, கேக் சும்மா கூட வருவது. “எலுமிச்சை கேக். சட்டையில் பித்தான் இல்லாமல் சந்தைக்குப் போனீர்கள், பார்த்தேன். கேக்குக்கும் பித்தானுக்கும் சம்பந்தமில்லை. பித்தான் இந்தக் காகிதத்துக்குள் இருக்கிறது” என்று ஒன்று. “இஞ்சி கேக். நடுவில் குழி விழுந்துவிட்டது. உங்கள் தொய்ந்த கூரையைப் பார்த்துக்கொண்டே மாவு கலக்கியது தப்பு” என்று இன்னொன்று. எல்லாவற்றையும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்தார். காலையில் தேநீர் ஆறும்வரை அதைத்தான் படிப்பார். செய்தித்தாளுக்கு அப்புறம்தான் முறை.

அப்படி வந்துகொண்டிருந்த டப்பா திடீரென்று நின்றுபோனது.

முதல் வெள்ளி, பெவ் ஊரில் இல்லை போலும் என்று நினைத்தார். அடுத்த முறை வேலிக் கம்பத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தே கழுத்து வலித்தது. அதற்கும் அடுத்த முறை பெவ்வே வேலியோரம் வந்து, வெயில் அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெயிலைப் பற்றிப் பேசுகிற பெண் மனதில் வேறு ஏதோ வைத்திருக்கிறாள் என்பது கிளைவுக்குத் தெரியும். ஆனால் என்ன என்பதுதான் பிடிபடவில்லை. நாய் குரைத்ததா? அவள் ரோஜாமேல் தன் களைக்கொல்லி தெறித்ததா? நேரே போய்க் கேட்கலாம்தான். கேட்டு, ஒரேயடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டால் காலைத் தேநீரை எதை வைத்துக்கொண்டு ஆற்றுவது?

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டெஸ் ரௌன்ட்ரீயின் சமையலறையில் பெவ்வின் டப்பாவைப் பார்த்துவிட்டார். நீல டப்பா, மூடியில் கிளிப் படம். டெஸ் செம்மறி ரோமம் கத்தரிக்கும் முகாம்களில் சமையல்காரனாக இருந்தவன், மனைவியை இழந்தவன், தலையில் முடி வேறு நிறைய.

“அது பெவ்வோடதா?” என்று கிளைவ் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“ஆமா. ஸ்கோன் ரொட்டி சுட்டு அதுல போட்டு நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்.”

“திருப்பிக் கொடுக்கணுமா?”

டெஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். “டப்பா வந்தா நிரப்பித் திருப்பி அனுப்பறதுதானேப்பா. ஏன், உன்கிட்ட எத்தனை இருக்கு?”

“ஒம்பது.”

டெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அந்தம்மாகிட்ட இருந்ததே பத்துதான் இருக்கும். எதுலப்பா போட்டுக் கொடுக்கும், கை நிறைய அள்ளிக்கிட்டு வருமா?”

தப்பு கிளைவுடையதுதான், ஆனால் அது அவர் தொழிலின் தப்பு. சந்தையில் காளையை ஏலம் எடுத்தால் கழுத்துக் கயிறும் அதோடு போகும். கயிற்றைத் திருப்பிக் கேட்ட ஆளை அவர் பார்த்ததே இல்லை. கேக் காளை, டப்பா கயிறு என்று கணக்குப் போட்டுவிட்டார். மார்லீன் இருந்தவரை டப்பா விவகாரமெல்லாம் அவள் கையில். எது வந்தது, எது போனது என்று இவர் கேட்டதுமில்லை.

இப்போது டப்பாக்கள் எங்கே? பின்புறக் கொட்டகையில், பலகைமேல் வரிசையாக. ஒன்றில் வேலி ஆணி, ஒன்றில் குழாய் வாஷர், ஒன்றில் எதற்கென்றே தெரியாத திருகாணிகள். ரோஜாப்பூ போட்ட மிக அழகான டப்பாவில் புல்வெட்டி இயந்திரத்தின் கிரீஸ். எல்லாவற்றையும் கொட்டி, சோடாவும் கொதிநீரும் விட்டுத் தேய்த்தார். கிரீஸ் போக மண்ணெண்ணெய் போட்டார். கிரீஸ் போனது. மண்ணெண்ணெய் குடித்தனம் வந்துவிட்டது.

நிரப்புவதற்கு நேரே பேக்கரிக்குப் போனார். சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் மூன்று டஜன் கேட்டார். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று காரணமும் சொன்னார். பேக்கரிக்காரி கிளெனிஸ் அவர் கக்கத்தைப் பார்த்தாள். அங்கே பெவ்வின் பச்சை டப்பா இருந்தது.

“விருந்தாளி டப்பாவை முன்னாடியே அனுப்பிட்டாங்களா?” என்றாள். “கிளைவ், என் கத்தி வெட்டின சதுரம் இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பெவ் மூடியைத் திறந்த உடனே கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் நீங்க வேற ஊருக்குத்தான் குடி போகணும்.”

விலையை ஏற்றிக் கேட்டுப் பார்த்தார். கோணல்மாணலாக வெட்டித் தந்தால் தனிக் கூலி என்றுகூடச் சொன்னார். பிடிவாதமான காளைக்காரர்களையே மடக்கியவருக்கு ஒரு பேக்கரிக்காரி மசியவில்லை. கடைசியில் லாமிங்டனுக்குப் பதில் ஆன்சாக் பிஸ்கட் செய்முறை ஒன்றை ரொட்டிப் பையின் முதுகில் எழுதிக் கொடுத்தாள். ஓட்ஸ், தேங்காய்த் துருவல், மாவு, சர்க்கரை, வெண்ணெய், பாகு, சமையல் சோடா. முட்டைகூட வேண்டாம், இதைக் கெடுக்க மனிதப் பிறவியால் முடியாது என்று உத்தரவாதமும் கொடுத்தாள்.

அந்த உத்தரவாதம் அன்று சாயங்காலம் வரை தாங்கவில்லை. பாகில் சோடா போட்டதும் அது பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. கிளைவ் முரட்டு மாட்டுக்கு ஒதுங்குவதுபோலச் சுவரோடு ஒட்டி நின்றார். முதல் தட்டில் உருண்டைகளெல்லாம் ஒன்றோடொன்று உறவு கொண்டாடி ஒரே கண்டமாக வெளியே வந்தன. அடுத்த தட்டை மறந்துவிட்டு ரேடியோவில் சந்தை நிலவரம் கேட்கப் போய், புகையைப் பார்த்துத்தான் திரும்பினார். அதற்கடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, கடித்த பக்கத்துப் பல்லை நாக்கால் எண்ணிக்கொண்டார். மிச்சத்தை மாக்பை பறவைக்குப் போட்டார். அது இரண்டு தடவை கொத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது.

மாவு தீரும்வரை மல்லுக்கட்டியதில், கொஞ்சம் தீய்ந்தாலும் பிஸ்கட் என்று ஒப்புக்கொள்ளத்தக்கவை மூன்று டப்பாவுக்குத் தேறின. மிச்சம் ஆறு. காலியாக அனுப்பக் கூடாது என்றுதானே சட்டம். சுட்டதாக இருக்க வேண்டும் என்று டெஸ் சொல்லவில்லையே. தோட்டத்து எலுமிச்சை, கோழி முட்டை, புதினா என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டார். ஒரு டப்பாவில், அதிலிருந்து கொட்டியதையே துடைத்துத் திரும்பப் போட்டார்.

சீட்டுதான் பெரிய பாடு. மூச்சு விடாமல் ஏலம் விட்ட நாக்கு, பேனாவைப் பிடித்ததும் மரத்துப்போனது. ‘அன்புள்ள பெவ்’ என்று எழுதி அடித்தார். வங்கிக் கடிதம் மாதிரி இருந்தது. ‘நன்றி’ என்று எழுதி அதையும் அடித்தார். கடைசியில், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் எழுதுவதென்று முடிவு செய்தார். அப்புறம் பேனா நிற்கவில்லை.

மறுநாள் காலை, டப்பாக்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி பெவ் வீட்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தவள் வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முதல் சீட்டை எடுத்துப் படித்தாள்.

“உருப்படி ஒன்று. பிஸ்கட். பிறந்தது நேற்று, பார்த்தால் வயது தெரியும். ஓரம் கருப்பு, குணம் நல்லது. பல்லுக்கு உத்தரவாதம் இல்லை.”

ஒன்றை எடுத்துக் கடித்தாள். சத்தம் டெஸ் வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். மென்று முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை கிளைவ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என் கேக் உங்களுக்குப் பிடிக்கலை, சொல்லத் தைரியமில்லைன்னு நினைச்சேன்” என்றாள்.

கிளைவ் காளையையும் கயிற்றையும் பற்றி விளக்கினார். சொல்லச் சொல்ல அது அவருக்கே கேவலமாகக் கேட்டது.

“டப்பா கிடக்கட்டும், கிளைவ். கடையில வாங்கிக்கலாம். ஒம்பது தடவை எழுதியிருக்கேன். ஒரு தடவையாவது ஒரு வரி பதில் போட்டீங்களா? கிணத்துல கல்லு போட்டாக்கூடச் சத்தம் வரும்.”

கிளைவ் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். எல்லாச் சீட்டும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எல்லாமா என்று கேட்டாள். பித்தான் சீட்டுதான் நடுவில் என்றார். அவள் சட்டென்று அடுத்த டப்பாவின்மேல் குனிந்துகொண்டாள்.

“உருப்படி ஆறு. குழாய் வாஷர், பல அளவு. உங்கள் தோட்டத்துக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுவது என் படுக்கையறைக்குக் கேட்கிறது. மாட்டித் தருவதும் விலையில் அடக்கம்.”

இதற்குச் சிரித்துவிட்டாள். ரோஜாப்பூ டப்பாவை முகர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. “இதுல என்ன வெச்சிருந்தீங்க?”

“அதைக் கேக்காதீங்க” என்றார் கிளைவ்.

அன்று மத்தியானமே குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு பேரும் நின்று கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேலிக் கம்பத்தின் மேல் பச்சை டப்பா உட்கார்ந்திருந்தது. கிளைவ் காலில் செருப்பு மாட்டாமலே ஓடினார். பேரீச்சம்பழ கேக். மூடியில் வழக்கத்தைவிட நீளமான சீட்டு. அங்கேயே நின்று படித்தார்.

“கணக்கு. டப்பா: போனது ஒன்பது, வந்தது ஒன்பது, அதில் ஒன்றில் இனிமேல் ஆணிதான் வைக்க முடியும், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்: நான் தின்றது நாலு, மிச்சம் கோழிக்கு, கோழி இன்னும் யோசிக்கிறது. சீட்டு: என்னுடையது ஒன்பது, உங்களுடையது ஒன்பது. நேர். குழாய்: நேற்று ராத்திரியிலிருந்து மறுபடி சொட்டுகிறது. நான் அதில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆகவே உங்கள் பாக்கி: குழாய் ஒன்று.”